இடம் மாறிய மச்சம்

கிருஷ்ணகிரியில் நான் கண்ணாடிப் படங்கள் வரைந்துவந்த காலம். நாட்றாம்பாளையத்து விவசாயி ஒருவர், இறந்துபோன மனைவியின் ஒரே போட்டோவைக் கொடுத்து வரையச் சொன்னார். கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால் முன்னாலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். அதற்கேற்ப மாற்றி வரைய மறந்துவிட்டேன். தோட்டுக்கு ஜிகினாத்தாள் ஒட்டித் திருப்பியபோதுதான் கவனித்தேன். போட்டோவில் இடப்பக்கம் இருந்த மச்சம் படத்தில் வலப்பக்கம் இருந்தது. சாயம் காய்ந்துவிட்டது. அவரும் வந்துவிட்டார்.

"மச்சம் மாறிப்போச்சுங்க. வேற வரைஞ்சு தரேன்" என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்கம்மா, அவளுக்கு இந்தப் பக்கந்தான். போட்டோக்காரர்தான் அன்னிக்கே பிலிமைத் திருப்பிப் போட்டுட்டாரு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாமத்தாங்க வரைஞ்சேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.