குளிப்பாட்டத் தெரியாத நர்ஸுகள்

நம் ஊர் நர்ஸ் வேலையில் எல்லாம் செய்வோம், குளிப்பாட்டுவதைத் தவிர. அதற்குத்தான் நோயாளியோடு ஒரு குடும்பமே வந்திருக்கிறதே. வெளிநாட்டு வேலைக்குப் போன நர்ஸுகளே, உங்களில் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்கியிருப்பீர்கள்.

கதவோரம்

என் கணவர் சேகரும் நர்ஸ். சித்தூரில் ஒரே கல்லூரியில் படித்தோம். திருப்பதியில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். ஆள் போதவில்லை என்று ஜெர்மனி கூப்பிட்டது. அவர் முதலில் போனார். அங்கே ஒரு செய்முறைத் தேர்வில் தேறும்வரை எங்கள் படிப்புக்கு உதவியாளர் வேலைதான். தேறினால்தான் நர்ஸ், அதற்குப் பிறகுதான் வீடு, என் விசா.

தேர்வன்று ஒரு கிழவரை அவரிடம் ஒப்படைத்தார்கள். பிரஷர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டார். யாருக்காக நிற்கிறாய் என்று தேர்வு நடத்திய பெண்மணி கேட்டாராம். கிழவரின் வீட்டு ஆட்கள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். தேறவில்லை. போனில் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி. இன்னும் ஆறு மாசம் தனியா துன்னுகினு தனியா தூங்கு."

வெந்நீர்

எனக்கும் அந்தத் தேர்வு வரும். இங்கேயே பழகிக்கொள்ளலாம் என்று, வார்டில் ஒரு பெரியவரிடம் வெந்நீரும் துணியுமாகப் போனேன். முதுகைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இட்லி வாங்கப் போயிருந்த மகள் திரும்பி வந்து பார்த்தாள். பொட்டலத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு என் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏன் சிஸ்டரு, அஞ்சு நிமிசம் அந்தாண்ட போனேன், அதுக்குள்ள எங்க நைனாவுக்கு யாரும் இல்லன்னு முடிவு பண்ணிட்டியா?"

பாஸ்

இரண்டாம் முறை சேகர் தேறிவிட்டார். பக்கவாதம் வந்த ஒருவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, தலை வாரிவிட்டாராம். என் விசாவுக்கு எழுதிப் போடச் சொன்னார். அதைப் பற்றித்தான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் அன்று அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் பாலசமுத்திரத்தில் இருக்கிறார். அவருக்கும் பக்கவாதம்தான், கொழுந்தனார்தான் குளிப்பாட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஸ்வீட்டோடு போய்ச் செய்தியைச் சொன்னேன். என்ன செய்ததற்குப் பாஸ் போட்டார்கள் என்று கேட்டார். சொன்னேன். வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நாளு வந்து எனக்கும் ரெண்டு சொம்பு ஊத்திட்டுப் போவச் சொல்லும்மா, நானும் பாஸ் போடறேன்."

அந்த நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பாலசமுத்திரத்து வீட்டில் இப்போதைக்கு ஒருவர் குறைவு, என் விசா வந்தால் இருவர்.