நானே எழுதிய அனுமதிச் சீட்டு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஜெர்மனியின் கொலோன் நகரில் மாலை நேர ஜெர்மன் வாசிப்பு வகுப்புக்குப் போய்வந்தேன். வேலை செய்த உணவகச் சமையலறையில் சண்டை பிடிக்கும் அளவுக்கு ஜெர்மன் பேசுவேன்; வாசிக்க மட்டும் வராது. வீட்டுக்கு வரும் கடிதம், ரயில் நிலையப் பலகை எல்லாம் என் கணவரின் இலாகா. அவருக்கு நேரம் இருந்தால்தான் பக்கத்து நகரமான பானில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கலாம். அவருக்கோ ஞாயிறு தவறாமல் சங்கக் கூட்டம்.

ஒருநாள் ஆசிரியை வாசிக்க ஒரு பக்கம் தந்தார். ஒருகாலத்தில் அமெரிக்காவின் தெற்கில் அடிமைகள் எழுத்துப் படிப்பதைச் சட்டம் போட்டே தடுத்தார்களாம். தோட்டத்தை விட்டு வெளியே போக எசமானின் சீட்டு வேண்டும். ஒளித்துப் படித்த சிலர் அந்தச் சீட்டைத் தாங்களே எழுதிக்கொண்டு விடுதலையைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். விரல் வைத்து வாசித்து அந்த வரிக்கு வந்ததும் சந்தோஷம் தாங்காமல் கைதட்டிவிட்டேன்.

அவர்கள் பட்ட சவுக்கடி நான் படாதது. ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆனால் சீட்டு என்றால் என்னவென்று தெரியும். அகதி விண்ணப்பம் முடிவாகாத காலத்தில் எங்கள் மாவட்டத்தைத் தாண்ட அலுவலகத்தின் சீட்டு வேண்டும். ரயிலில் பொலிஸ் கேட்டால் நீட்டுவேன். அதில் என்ன எழுதியிருந்ததென்று ஒருநாளும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஜெர்மனில் எழுதினேன்: இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பானுக்குப் போகலாம், விரும்பிய நேரம் திரும்பலாம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கணவர் வாசித்தார்.

"ஆர் உமக்கு அனுமதி தந்தது?"

"கீழை கையெழுத்தைப் பாருங்கோ."

பார்த்துச் சிரித்தார். வழி தவறிவிடுவேன், தானும் வருகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். தவறினால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்ற பயம் வேறு.

ஞாயிறு, பலகையை எழுத்துக் கூட்டி வாசித்து ரயில் ஏறினேன். சீருடையில் பரிசோதகர் வந்தாரோ இல்லையோ, பழைய பயத்தில் கை தானாகப் பைக்குள் போய், கூடவே கொண்டுவந்திருந்த, நான் எழுதிய சீட்டை நீட்டிவிட்டது. மனுஷன் இரண்டு தரம் வாசித்தார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. சீட்டில் குறையொன்றும் இல்லை, டிக்கெட்டையும் காட்டினால் நல்லது என்றார். டிக்கெட்டில் முத்திரை குத்தியவரிடம், துணிந்து, இதிலும் ஒன்று குத்துங்கள் என்றேன். குத்தினார்.

ரயில் நின்றது. பலகையில் பான் என்றிருந்தது. யாரையும் கேட்காமல் இறங்கினேன்.