"காத்து பிரிஞ்சுதாம்மா?"

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின வாரம் நடந்தது இது. தி.நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் கணவருக்குக் குடலில் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. இன்ஷூரன்ஸ் பணம் தீர்ந்துபோய், அறை வாடகை எங்கள் தலையில் விழ ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் முன்னால் வீட்டுக்குப் போனால்கூட லாபம் என்று என் புத்தி அதையே சுற்றியது. சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் வேறு எனக்கு.

நர்ஸ் தினமும் வந்து ஒரே கேள்விதான் கேட்பார். "சாருக்குக் காத்து பிரிஞ்சுதாம்மா?" பிரிந்தால் குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். அப்புறம்தான் சாப்பாடு, டிஸ்சார்ஜ் எல்லாம். இவரோ மகா கூச்சக்காரர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பதில் சொல்வது என் பொறுப்பு.

ஐந்தாம் நாள் காலை, "ஆச்சு சிஸ்டர், ரெண்டு தடவை" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, வீட்டில் போய்ப் பிரியட்டுமே, இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். டாக்டர் வந்து, லேசாக உப்புசம் இருக்கிறதே, வலிக்கிறதா என்று கேட்டார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இவரும் "இல்ல சார்" என்றார். மதியமே மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் வயிறு கல்லாக இறுகிவிட்டது. பச்சையாக வாந்தி. "இன்னாம்மா, நேத்துதான கூட்டியாந்தே!" என்று பதறியபடி தெருமுனை ஆட்டோக்காரர் வண்டியை எடுத்தார். தீபாவளிக் கூட்டத்தில் உஸ்மான் ரோடு நகரவே இல்லை. "ஒண்ணுமில்ல, நீ பயப்படாத" என்று இவர்தான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். ஐயோ, அந்தக் குரல்!

குடலில் போட்ட தையல் விட்டிருந்ததாம். மறுபடியும் திறந்தார்கள். பதினோராம் நாள் போய்விட்டார்.

"அன்னிக்குக் காத்து பிரியாம இருந்திருந்தா ஸ்கேன் எடுத்திருப்பேன். அனுப்பியே இருக்க மாட்டேம்மா" என்றார் டாக்டர். அப்போதுகூட அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

சீக்கிரம் துரத்திவிட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று உறவெல்லாம் இன்றும் மருத்துவமனையைச் சபிக்கிறது. என் மகன் கேஸ் போட வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொன்னால் அப்புறம் என்னை அம்மா என்று கூப்பிடுவானா தெரியவில்லை. சொல்லாமல் கண்ணை மூடவும் எனக்குத் துணிவில்லை.