மூன்றாம் மாடி விசாரணை

மாடம்மாளுக்குத் தப்பான யோசனை சொன்னது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கிற அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஒரு டைப்பிங் கடை. கரமனையிலிருந்து பஸ் பிடித்து வந்து, இருபது வருஷமாக ஊரார் கஷ்டத்தை மலையாளத்தில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாடம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இங்கே கட்டட வேலையில் சித்தாள். புருஷன் வன்னியராஜ் கொத்தனார். விழிஞ்ஞத்தில் ஒரு லாட்ஜ் கட்டும்போது சாரம் சரிந்து விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. அப்படி ஓர் ஆள் தன்னிடம் வேலையே பார்க்கவில்லை என்று கான்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். வக்கீல் வைக்க வழியில்லாமல் அவள் என் கடையில் வந்து புருஷன் பெயரில் மனு அடித்து வாங்கிக்கொண்டாள்.

முதல் வாய்தாவுக்கு முன்னால், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"கூப்பிடுவா. கூப்பிட்டதும் போனாப் போறும்" என்றேன். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

விசாரணை நடப்பது மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. என் கடைப் பக்கத்து ஸ்டாண்ட் பையன் ஷிஜுவின் ஆட்டோவில் புருஷனைச் சாய்த்துக் கொண்டுவந்து, அவள் கீழே மாமரத்தடியில் காத்திருந்தாள். கட்டட வேலையில், மேலிருந்து மேஸ்திரி குரல் கொடுக்காமல் சித்தாள் சாரத்தில் கால் வைக்கக் கூடாது. பதிமூன்று வருஷப் பழக்கம் அது. மூன்றாம் மாடி அறைவாசலில் டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டது மாமரத்தடிக்கு எப்படிக் கேட்கும்? மாலை வரை அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு, இன்றைக்கு நம் முறை வரவில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போனாள். அடுத்த வாய்தாவிலும் அதே கதைதான். கடையில் கூட்டம், நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு வீட்டுக்குக் கடிதம் வந்தது. மனுதாரர் இரண்டு முறை ஆஜராகவில்லை, மூன்றாம் முறையும் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. நான் வாசித்துச் சொன்னதும், "நாங்க வந்தோமே மாமி" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

மாடி ஏற முடியாதவர், கீழேயே விசாரிக்க வேண்டும் என்று அன்றைக்கே மனு அடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் வாய்தா அன்று போய்க் கேட்டால், அது எந்த ஃபைலில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் ஆபீஸ் நடத்துகிறார்கள். ஷிஜு என் கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் உட்காரவைத்து ஏற்றிவிடலாம் என்றான். வன்னியராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க ஊர்ல செத்தவனத்தான் நாக்காலில உக்கார வெப்பாக. நான் இன்னும் சாகல."

மாடம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, ஆட்டோப் படியருகே முதுகைக் காட்டிக் குனிந்தாள். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து ஷிஜு தாங்கிக்கொள்ள, ஏறத் தொடங்கினாள். எங்கேயும் நிற்கவில்லை. சுமையோடு நடுவில் நின்றால் மறுபடி கால் எழும்பாதாம்.

கூப்பிட்டபோது அவர் உள்ளே இருந்தார். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, மூன்று மாடி ஏறி வந்திருக்கும் மனுதாரருக்கு நடக்கவே முடியாது என்பதை எப்படி நம்புவது என்று மலையாளத்தில் கேட்டார். மாடம்மாளுக்கு அந்த மலையாளம் நன்றாகவே புரிந்தது.

"அவரு ஏறல சாரே," என்றாள் அதிகாரியிடம். "ஏறுனது நான்."

ஜாக்கெட் வியர்வையில் தொப்பலாக நனைந்து, மூச்சு இன்னும் அடங்காமல் நின்றாள். அதிகாரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு டைப்பிஸ்ட்டிடம் திரும்பி, மனுதாரர் ஆஜர், மனைவி சுமந்து வந்தார் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுதவைத்தார். வன்னியராஜின் வாக்குமூலத்தை அன்றே பதிவு செய்தார். இனிமேல் விசாரணை தரைத்தளத்தில் என்றும் உத்தரவிட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவரை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு மாடம்மாள் படிக்கட்டின் தலைப்பில் நின்றாள். முதல் படியில் கால் வைக்கவில்லை. அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஏறும்போதுதான் மாமி சுமை. எறங்கும்போது சாந்துச் சட்டி காலியாத்தான் இருக்கும். சுமையோட எறங்கிப் பழக்கமில்ல."

ஷிஜு பின்னால் பிடித்துக்கொண்டான். நான் அவர்களுக்கு முன்னால் போய், படியில் இடிக்காமல் வன்னியராஜின் இரண்டு பாதங்களையும் கையில் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினேன். பாதங்கள் சில்லிட்டிருந்தன. மூன்று மாடியும் அப்படியே வந்தோம். நான் பிடித்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.