ஊறுகாய்க்கு வைத்த அரக்கு முத்திரை

தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்ப்பவனை யாரும் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்கள். தப்பித்தவறிக் கூப்பிட்டாலும் பக்கத்து இலையில் உட்கார மாட்டார்கள். அப்படிப்பட்டவன் தலையில் நூறு பேருக்கு விருந்து வைக்கும் பொறுப்பு விழுந்தால் எப்படி இருக்கும்? ஒரு காதுகுத்தையாவது முன்னின்று நடத்திச் சீரழிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏழே பேர். போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து வரும் பொருள்களைப் பிரித்துக் கொடுப்பதும், ஆய்வு முடிந்ததும் துணி சுற்றிக் கட்டி அரக்கு முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவதும் என் வேலை. எனக்குச் சொந்த ஊர் இண்டூர். மனைவி கடத்தூர்ப் பள்ளியில் டீச்சர். நிம்மதியாக இருந்தவனுக்கு அந்த வருடம் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்து தொலைத்தது. கைக்குழந்தையோடு அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் அதிகாரி செல்வநாயகி அம்மா என்னைக் கூப்பிட்டார். "நம்ம மண்டலச் சங்கத்து ஆண்டுக் கூட்டம் இந்தத் தடவை நம்ம ஊர்லதான். மெட்ராஸ்லருந்து துணை இயக்குநர் வரார். உங்க ஃபைல் அவர் மேஜையிலதான் இருக்கு. கூட்டம் நல்லபடியா முடிஞ்சா நானே பேசறேன். சொதப்புச்சுன்னா நீங்க பெட்டியக் கட்டிக்கலாம்!"

பொண்ணு பேரு என்னங்க?

முதல் வேலையாகக் கல்யாண மண்டபம் பிடிக்கப் போனேன். மேனேஜர் பெரிய நோட்டைப் பிரித்துக்கொண்டு, "பொண்ணு பேரு? மாப்பிள்ளை பேரு?" என்றார். கல்யாணம் இல்லைங்க, கூட்டம் என்றேன். என்ன கூட்டம் என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரத்தக்கறை, விஷம், காலடித் தடம் என்று பெருமையாக அடுக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"பொணம் அறுக்கறவங்களா?" என்றார். "அய்யய்யோ, அது டாக்டருங்க. எங்களுக்குப் பாட்டில்ல வர்றது மட்டும்தாங்க" என்று நான் சமாதானம் சொல்ல, அவர் முகம் இன்னும் கறுத்துப்போனது. அரை மணி நேரம் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு விரலை ஆட்டிச் சொன்னார்: "மறுநாள் முகூர்த்தம் இருக்குங்க. உங்க பாட்டில் ஒண்ணுகூட என் வாசப்படி தாண்டக் கூடாது. சமையலுக்குப் பூசணிக்காகூட வெளியிலயே வெட்டிக் கொண்டாந்துடுங்க!"

பாஷா பாயின் ஆறு பாட்டில்கள்

சமையலுக்குப் பாஷா பாய். தருமபுரியில் எந்த வீட்டு விசேஷமானாலும் அவர் கைதான். அதிலும் அவர் போடும் மாங்காய் ஊறுகாய்க்கு ஒரு கூட்டமே அலையும். கூட்டத்துக்கு முந்தின நாள்வரை மண்டபத்தில் வேறு கல்யாணம் என்பதால், ஊறுகாயை வாயகன்ற கண்ணாடி பாட்டில் ஆறில் போட்டு, எங்கள் ஆபீசில் கொண்டுவந்து வைத்தார்.

எறும்பு ஏறிவிடுமே என்று நான் ஒவ்வொரு பாட்டிலுக்கும் துணி கட்டினேன். கட்டின கை சும்மா இருக்குமா? பத்து வருடப் பழக்கம். மெழுகுவர்த்தியைப் பொருத்தி, அரக்கை உருக்கி, முடிச்சுக்கு முடிச்சு முத்திரையும் வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. பாஷா பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னா சார், மாங்கா என்ன கொலையா பண்ணிச்சு?" என்றார்.

காணாமல் போன செருப்பு

கூட்டத்தன்று காலை அமர்க்களமாக ஆரம்பித்தது. நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை. காலடித் தடங்களைப் பற்றி சேலத்து நிபுணர் ஒருவர் ஒரு மணி நேரம் படம் போட்டுப் பேசினார். எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்க வெளியே வந்தால், துணை இயக்குநரின் செருப்பைக் காணோம். எனக்குத் திருநெல்வேலி பஸ் ஹாரன் காதில் கேட்டது.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! தமிழ்நாட்டின் பாதித் தடய அறிவும் வாசல் மண்ணில் குந்திக்கொண்டது. ஒருவர் லென்ஸை எடுத்தார். ஒருவர் சாண் போட்டு அளந்தார். எடுத்தவன் குள்ளம், இடது காலை லேசாகத் தாங்கி நடக்கிறான், கிழக்கே போயிருக்கிறான் என்று முடிவு கட்டி, கிழக்கே தேட ஒருவரை அனுப்பியும் விட்டார்கள். சேலத்து நிபுணர்தான் முன்னால் நின்று நடத்தினார். வாசல் பெருக்கும் மாதம்மாள் விளக்குமாற்றோடு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு அந்த நிபுணரின் காலைக் காட்டி, "இத்தினி படிச்சவங்க மண்ணையே பாக்குறீங்களே, செருப்பு இந்த அய்யா கால்லதானே இருக்குது!" என்றாள்.

வாசப்படி தாண்டிய பாட்டில்

செருப்பு கிடைத்த சிரிப்பில் தப்பித்தேன் என்று நினைத்தேன். இலை போட்டுப் பந்தி உட்கார்ந்த பிறகு பாஷா பாய் ஓடிவந்தார்: "சார், ஊறுகாய் வரலை!" சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீசுக்குப் பறந்தேன். அங்கே காவலுக்கு இருந்தவர் பதிவறைப் பரமசிவம். பதிவேடுதான் அவருக்கு உயிர். மேஜைமேல் முத்திரை வைத்த பாட்டில்களைப் பார்த்திருக்கிறார். விஷம் குடித்துச் செத்தவர்களின் உள்ளுறுப்பும் உப்புத் தண்ணீரில் இதே மாதிரி பாட்டிலில்தான் எங்களுக்கு வரும். ஆறையும் பதிவேட்டில் ஏற்றி, நம்பர் போட்டு, அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"யோவ், அது ஊறுகாய்யா!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. நம்பர் விழுந்த பொருள் ஆய்வறிக்கை இல்லாமல் வெளியே போகக் கூடாது, பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். கடைசியில் என்னையும் நம்பாமல், பாட்டில்களைக் கூடையில் வைத்து, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரமசிவமே என் பின்னால் மண்டபத்துக்கு வந்தார். பந்தியில் கூடையைப் பார்த்ததும் பிசைந்த கைகள் அப்படியே நின்றன. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்: "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பாட்டில் வாசப்படி தாண்டிடுச்சே! நாளைக்கு முகூர்த்தக்காரங்களுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

ஆய்வறிக்கை

துணை இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. ஒரு பாட்டிலைத் தூக்கி நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தார். முத்திரையை உடைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "எழுதிக்கய்யா," என்றார் பரமசிவத்திடம். "மாங்காய். காரம் கொஞ்சம் தூக்கல். நஞ்சு எதுவும் காணப்படவில்லை." பரமசிவம் ஆறு நம்பருக்கும் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகே பாட்டிலை விட்டார். பந்தி சிரித்த சிரிப்பில் மேனேஜரும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. துணை இயக்குநர் இன்னும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் வெச்ச முத்திரை இது?" நான்தான் சார் என்றேன். "ஒரு எழுத்துகூடக் கலங்கலையே! இந்த ஆளு மெட்ராஸ்ல என் ஆபீஸ்ல இல்ல இருக்கணும்!" திருநெல்வேலி போய் மெட்ராஸ் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வநாயகி அம்மா மெதுவாக, "ஆளைக் கூட்டிட்டுப் போங்க சார். ஆனா பாஷா பாய் இங்கதானே இருக்கார்? உங்களுக்கு ஊறுகாய் கட்டி அனுப்ப இங்க ஒரு ஆள் வேணாமா? பாவம், டீச்சர் சம்சாரம் கைக்குழந்தையோட கடத்தூர்ல இருக்கா" என்றார். துணை இயக்குநர் தன் இலையைப் பார்த்தார். இரண்டாவது தடவையாக ஊறுகாய் வாங்கியிருந்தார். "சரிம்மா, ஆள் இங்கயே இருக்கட்டும். பாட்டில் மேல ஊறுகாய்னு மட்டும் எழுதச் சொல்லுங்க, என் ஆபீஸ்லயும் ஒரு பரமசிவம் இருக்கான்!" என்றார்.

கொலை, கொள்ளை, விஷம் என்று ஓய்வு பெறும்வரை எத்தனையோ வழக்குகளுக்கு முத்திரை வைத்த இந்தக் கை, ஒரு குடும்பத்தைப் பிரியாமல் காப்பாற்றியது மாங்காய்க்கு வைத்தபோது மட்டும்தான்.