கோட்டு மறைத்த கழுத்து

அந்தத் தோல் கோட்டை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்களையெல்லாம் ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்த சமயம் அது. மூர் மார்க்கெட்டுக்கு லென்ஸ் வாங்கப் போன என் வீட்டுக்காரர், லென்ஸை விட்டுவிட்டு ஒரு விமானியின் தோல் கோட்டையும், காதை மூடும் குல்லாவையும், பெரிய கண்ணாடியையும் சுமந்துகொண்டு வந்தார். வெளியே ஆட்டுத்தோல், உள்ளே அடர்ந்த ரோமம், கழுத்தைச் சுற்றிலும் ரோமக் காலர். ராயபுரத்து வெயிலில் அதைப் பார்த்தாலே எனக்கு வேர்த்தது.

"இதைப் போட்டுக்கிட்டு எவன் இங்கே பறக்கப் போறான்?" என்று கேட்டேன்.

"பறக்க வேண்டாம். போட்டோ எடுத்துக்கிட்டாப் போதும்" என்றார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சொந்தக்காரர்கள் பலசரக்கும் வெல்லமும் விற்க, இவருக்கு மட்டும் கேமரா பித்து. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. கோட்டு வந்த பிறகு ஸ்டுடியோவில் நிற்க இடமில்லாமல் போனது உண்மைதான். மூட்டை தூக்குகிறவர், ரயில்வே பட்டறைக்காரர், மீன் ஏலம் கூறுகிறவர் எல்லாரும் இடுப்புக்குக் கீழே லுங்கியும் மேலே பைலட் கோட்டுமாக நின்று, மார்பளவுக்குப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு நாடக நடிகர், விமானி வேஷத்துக்கென்று இரவல் வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது காலரில் அரிதாரம் அப்பியிருந்தது. துடைக்கப் போன என்னை இவர் தடுத்துவிட்டார். "நடிகர் போட்ட கோட்டு" என்று அந்தக் கறையைக் காட்டிக்காட்டியே இன்னும் கூட்டம் சேர்த்தார். வாரத்துக்கு ஒரு முறை அதை மாடியில் உலர்த்துவது என் தலையெழுத்து. பீடி, மீன், தேங்காயெண்ணெய், வேர்வை என்று ஊரே அதில் நாறும்.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் ஒரு மத்தியானம், கோயில் தெருவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, கையில் முந்தானையில் சுற்றிய ஒரு படம். எங்கள் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். இருபது வயதுப் பையன், குல்லாவை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்கிறான். கோட்டின் ஜிப்பு கழுத்துவரை ஏறியிருந்தது. முதல் முறை கப்பலேறுகிறவர்கள் வீட்டில் விட்டுப்போக ஒரு படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். சரக்குக் கப்பலில் கரி அள்ளுகிற வேலைக்குப் போன பையன் அவன். ரங்கூனுக்கு அப்பால் புயலில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். அந்த அம்மாளும் அதை அழுது தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் கேட்டது வேறு.

"நைனா, இந்தப் படம் புடிச்சன்னிக்கு என் புள்ள கய்த்துல உத்தரியம் இருந்துச்சா? நீதான கோட்டு மாட்டி வுட்ட? பாத்துருப்பியே."

எங்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தன் ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். தோளுக்கு ஒன்றாக இரண்டு கயிறு. அவற்றின் இரண்டு முனையிலும் தபால் தலை அளவுக்குப் பழுப்புக் கம்பளித் துண்டு. ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் கிடக்கும்.

"இத்தப் போட்டுக்கினு செத்தவன் நரகத்துக்குப் போவ மாட்டான். மாதா குடுத்த வாக்கு. பொணம் வந்துருந்தா நானே பாத்துருப்பேன். இப்போ யாரக் கேப்பேன்? அடுத்தநாளு காலைல கப்பலு. படத்துல பாக்கலான்னா இந்தக் கோட்டு மறைச்சிக்கினு கீது."

இவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எத்தனையோ பேருக்கு மாட்டி விடுறேம்மா. ஞாபகம் இல்லையே" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவரை உள்ளே கூப்பிட்டு, "பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்றேன். "பார்க்காததை எப்படிச் சொல்றது?" என்றார். அப்போது இவரை ஒரு கல்லு மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் வெளியே வந்தபோது அந்த அம்மாள் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்து மடியில் போட்டிருந்தார். முகர்ந்து பார்த்தார். யாருடைய வாசனை என்று அதில் தேட முடியும்? உள்பக்கம் மையால் எழுதியிருந்த ஏதோ பெயர் வேர்வையில் கரைந்துபோயிருந்தது. அதை விரலால் தடவி, "மொத மொத இத்தப் போட்டுக்கினு பறந்தவன் உசிரோட கீறானா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். "அவனுக்கும் ஆத்தா இருப்பா" என்றார்.

காலருக்குக் கீழே, தோலும் ரோமமும் சேருகிற இடத்தில் தையல் விட்டுப் போயிருந்தது. அவர் விரல் அதற்குள் போய் நின்றது. மெதுவாக இழுத்தார். முதலில் கயிறு வந்தது, பிறகு பழுப்புத் துண்டு. துண்டின் ஓரத்தைத் திருப்பினார். சிவப்பு நூலில் தையல்.

"நான் போட்ட தையலு. வூட்ல வேற நூலு இல்ல" என்றார்.

கேட்க வந்தது கிடைத்துவிட்டது. பையன் அது இல்லாமல்தான் கடலுக்குப் போயிருக்கிறான். பொய் சொல்லச் சொன்னேனே, சொல்லியிருந்தால் இந்நேரம் அந்த முகத்தை எப்படிப் பார்த்திருப்போம் என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் அழவில்லை. கயிற்றை என் கையில் வைத்தார். "கண்ணு, பொடிசெல்லாம் எனக்குக் கண்ணு தெரியல. நல்லா பாத்துச் சொல்லு. கய்ட்டி வச்சானா, அறுந்து போச்சா?"

ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. முடிச்சுகள் போட்டபடியே இருந்தன. ஒரு பக்கத்துக் கயிறு நடுவில் நைந்து, இழை இழையாகப் பிரிந்து நின்றது. ஜிப்பில் சிக்கி இழுபட்டிருக்க வேண்டும்.

"அறுந்ததுதாம்மா. முடிச்சு அப்படியே இருக்கு. கழட்டலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

இவரையும் பார்க்கச் சொன்னார். இவரும் பார்த்துவிட்டு, "அறுந்ததுதான்" என்றார். பார்க்காததைச் சொல்லமாட்டேன் என்ற மனுஷன் சொன்னதால்தானோ என்னவோ, அந்த அம்மாளின் தோள் அப்போதுதான் தளர்ந்தது.

அறுந்த முனைகளை முடிந்தார். தன் உத்தரியத்தின் மேலேயே மகனுடையதையும் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடாமல், மேலேயும் பார்க்காமல், எதிரே ஆள் நிற்பதைப்போல நேராகப் பார்த்துப் பேசினார். "மாதாவே, அவன் கய்ட்டல. நீயே பாத்துக்கோ. அவன் கய்த்து இங்க கீது."

கோட்டை அவரே மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இவர் அன்று சாயங்காலம் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. மறுநாள் துறைமுகத்துப் பையன் ஒருவன் கப்பலேறுவதற்கு முன் படம் எடுக்க வந்தான். ஜிப்பை மேலே இழுக்கப் போன இவர், அப்படியே நிறுத்தி, அவன் சட்டைக்குள் கைவிட்டார். கழுத்தில் ஒரு தாயத்து. அதை வெளியே எடுத்து, ரோமக் காலருக்கு மேலே தெரிகிற மாதிரி தொங்கவிட்டார். அதற்குப் பிறகு சிலுவையோ உத்தரியமோ கறுப்புக் கயிறோ, எவனுக்கு எது இருந்தாலும் அப்படித்தான் படம் எடுத்தார். பைலட் எங்கேயாவது தாயத்தை வெளியே விடுவானா என்று பையன்கள் சண்டைக்கு நிற்பார்கள்.

"தெரியட்டும்" என்பார்.