வாய்விட்டுச் சிரிக்கும் உத்தியோகம்

செண்பகவடிவு சிரித்தால் தாராவியில் மூன்று சந்துக்குக் கேட்கும். அடித்தொண்டையில் உறுமல் மாதிரிக் கிளம்பி, படபடவென்று மேலே ஏறி, மூச்சு தீருகிற இடத்தில் மூக்கு வழியாக 'ஙொர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் கடைசிச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே மறுபடியும் சிரிப்பு வந்துவிடும். அதனால் ஒரு தடவை ஆரம்பித்தால் சுலபத்தில் நிற்காது.

சின்ன வயதிலிருந்தே இதனால் வம்புதான். ஒரு துட்டி வீட்டில், ஒப்பாரி வைக்க வந்த பெண் இறந்தவர் பேருக்குப் பதிலாக, பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தவர் பேரைச் சொல்லி அழுதுவிட்டாள். பேருக்கு உரியவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார்கள். பத்து வயது செண்பகவடிவால் முடியவில்லை. அவள் அப்பா அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். "பொம்பளப்பிள்ள சிரிக்க சிரிப்பாட்டி இது?" என்றார்.

கல்யாணமான பிறகு அப்படி யாரும் அடிக்கவில்லை. கணவர் பூலோகம் டெம்போ ஓட்டுகிறவர். அளந்து பேசுகிற மனிதர். எப்போதோ ஒரு தடவை, "கொஞ்சம் மெல்லமா சிரியேன், வடிவு" என்றார். அவ்வளவுதான். ஆனால் அது அவளுக்கு முதுகில் விழுந்த அடியைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. பிறகு மகள் மானசா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட்டிப் போகும்போது வாசலில் வைத்துச் சொன்னாள்: "அம்மா, டீச்சர்ட்ட பேசு. ஆனா சிரிக்காத, ப்ளீஸ்."

அதிலிருந்து சிரிப்பு வந்தால் சேலை முந்தியை வாயில் வைத்து அமுக்கிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சட்டை தைக்கிற ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் புதுச் சட்டைகளில் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். தாகா கட்டிங் என்பார்கள். கூட வேலை பார்க்கிற பெண்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தால், செண்பகவடிவின் தோள் மட்டும் குலுங்கும். சத்தம் வராது.

அடுத்த சந்தில் ஷைஸ்தா இருந்தாள். டிவி காமெடி ஷோக்களுக்கு ஆடியன்ஸ் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். சயனில் பஸ்ஸில் ஏற்றி கோரேகாவ் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுவாள். ஒருநாள் காலையில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

"ஒரு ஆளு குறையுது யக்கா. நீங்க வாங்க. கையத் தட்டணும், சிரிக்கணும். மதியச் சாப்பாடு உண்டு."

"சிரிக்கணுமா? அப்ப நான் வரல."

"அட, சும்மா வாயத் தொறந்து ஆன்னு காட்டுனா போதும். நெசமாச் சிரிக்கவா சொல்லுதேன்?"

பட்டறைக்கு அன்றைக்கு லீவு. செண்பகவடிவு போனாள்.

உள்ளே போனால் குளிர். மேடையில் ஒருவரும் இல்லை. ஒரு அசிஸ்டென்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு, காமெடியன்கள் வருவதற்கு முன்னால் ஆடியன்ஸ் சிரிப்பதைத் தனியாக எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்றார். "முதல்ல சின்னச் சிரிப்பு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "இப்ப நடுத்தரம்!" சிரித்தார்கள். "இப்ப விழுந்து விழுந்து!"

காலி மேடையைப் பார்த்து அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செண்பகவடிவு முந்தியை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். உல்லாஸ்நகரிலிருந்து வந்த ஒரு தடித்த அம்மாள். சாவு செய்தி கேட்ட முகம். அந்த முகத்தில் வாய் மட்டும் திறந்து, "ஹா. ஹா. ஹா." என்று மூன்று முறை சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பிறகு அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து பாக்கு மெல்லத் தொடங்கினாள்.

முந்தி தாங்கவில்லை. உறுமல் கிளம்பியது, மேலே ஏறியது, 'ஙொர்' என்று முடிந்தது, மறுபடி கிளம்பியது. ஹாலில் பொய்ச் சிரிப்பெல்லாம் நின்றது. அப்புறம் முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பின்வரிசை எழுந்து பார்த்துச் சிரித்தது. கேமராக்காரர் கேமராவை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாக்கு அம்மாளே நிஜமாகச் சிரித்துப் புரையேறினாள்.

கண்ணாடி அறையிலிருந்து சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் சைஃப் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். "யார் சிரிச்சது?" என்று ஹிந்தியில் கேட்டான். எல்லா விரலும் செண்பகவடிவைக் காட்டின.

ஷைஸ்தா நடுவில் பாய்ந்தாள். "சார், புதுசு சார். இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்."

"அடுத்த தடவை இவங்க இல்லாம வந்தா நீயும் வராதே" என்றான் சைஃப். "ஏழு வருஷமா இங்க பொய்ச் சிரிப்பு கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இவங்களை இந்த மைக்குக்குக் கீழ உட்கார வை."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் சில நாள் கத்தரி, சில நாள் சிரிப்பு. காமெடியன்கள் மேடை ஏறுமுன் அந்த அக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். சைஃப் அவளை அந்தேரியில் ஒரு ரெக்கார்டிங் அறைக்குக் கூட்டிப்போய், ஒரு கார்ட்டூன் ராட்சசிக்குச் சிரிக்க வைத்தான். பட்டறையில் அந்த ராட்சசியைப் போட்டுக் காட்டியபோது, அதுவரை முந்திக்குள் என்ன இருந்தது என்று தெரியாத பெண்கள் வாய் பிளந்தார்கள். வீட்டில் மட்டும், "ரெக்கார்டிங் வேலை" என்று மொட்டையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

பிறகு ஒரு ஹிந்தி சீரியல் டைரக்டர் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு ஆளையே வரச் சொன்னார். கல்யாணக் காட்சி. மாப்பிள்ளையின் அத்தை நடு மண்டபத்தில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதுதான் வேஷம். செம்பூரில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். இனி மறைக்க முடியாது என்று வீட்டில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூலோகம் டெம்போவைத் துடைத்து, அவளை முன் சீட்டில் ஏற்றி, மண்டபத்து வாசலில் கொண்டுபோய் இறக்கினார். தானும் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பட்டுச்சேலை கட்டி, முந்தியைத் தோளில் நாலைந்து பின் போட்டு இறுக்கி நிறுத்தினார்கள். புரோகிதராக நடித்தவர் மந்திரத்தை மறந்து பேந்தப் பேந்த விழித்ததில் முதல் டேக்கிலேயே சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "வாங்க, நீங்களே பாருங்க" என்று மானிட்டர் முன் கூட்டிப்போனார்.

அங்கேதான் வினை. தன் சிரிப்பை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை. திரையில் ஒரு பெண்பிள்ளை வாயைப் பிளந்தாள். முன்பல் இடைவெளி, கறுத்த ஈறு, குலுங்குகிற தாடை, எங்கே போயிற்று என்று தெரியாத கண். 'இம்புட்டு அசிங்கமாவா சிரிக்கேன்? இத்தன நாளு இதத்தானா எல்லாரும் பாத்தாவ?'

அடுத்து க்ளோசப் எடுக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோனாள். மூன்று டேக் போயிற்று. டைரக்டர் பிரேக் சொன்னார்.

சீரியலில் மாமியாராக நடிக்கிற ஹரிதா ஒரு டம்ளர் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பல வருஷமாக டிவியில் மருமகள்களை அழவைத்துக்கொண்டிருக்கும் முகம். செம்பூர்க்காரி, வீடு நாலு தெரு தள்ளித்தான்.

"மானிட்டர் பார்த்தேளா?" என்றாள்.

செண்பகவடிவுக்கு இவள் தமிழ் பேசியதே ஆச்சரியம். "ஆமா மேடம். பாத்திருக்கக் கூடாது."

"மேடம்லாம் வேண்டாம், ஹரிதான்னே கூப்பிடுங்கோ. நான் முதல் தடவை என்னைப் பார்த்துட்டு, ஆத்துக்கு வர வரைக்கும் டிரெயின்ல அழுதுண்டே வந்தேன். இந்த மூக்கு. ஸ்க்ரீன்ல மூக்கு முன்னாடி வரது, நான் பின்னாடி வரேன். அம்மாகிட்ட ஆபரேஷன் பண்ணிக்கறேன்னேன். 'பண்ணிக்கோ, ஆனா உங்கப்பா ஜாடைல ஒருத்தரும் ஆத்துல இருக்க மாட்டா அப்புறம்'னா. விட்டுட்டேன். இப்போ அந்த மூக்கைப் பார்த்துத்தான் வில்லின்னு கூப்பிடறா. வீடு வாங்கிக் குடுத்தது இந்த மூக்குதான்."

செண்பகவடிவு அந்த மூக்கைப் பார்த்தாள். நல்ல மூக்காகத்தான் தெரிந்தது.

"நீங்க நடிகை. வராட்டாலும் சிரிச்சிருவிய. எனக்கு வந்தாத்தான உண்டு?"

"வராதப்போ வரவழைக்கறது என் வேலை. வரும்போது தடுக்காம இருக்கறது உங்க வேலை. உங்க வேலைதான் கஷ்டம். என்னால இன்னிக்கும் முடியறதில்லை" என்று சொல்லிவிட்டு ஹரிதா காபியைக் குடித்தாள்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனாலும் சிரிப்பு வருமென்று செண்பகவடிவுக்கு நம்பிக்கை வரவில்லை.

பிரேக் முடிவதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஆள் குறைகிறது என்று ஒரு அசிஸ்டென்ட், ஓரத்தில் உட்கார்ந்திருந்த பூலோகத்தைப் பிடித்து எழுப்பிவிட்டான். "நான் டெம்போ டிரைவர்" என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தலையில் ஒரு பெரிய ரோஸ் கலர் தலைப்பாகை, கையில் லட்டுத் தட்டு. "கட் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போனான்.

கேமரா ஓடத் தொடங்கியது. செண்பகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே பூலோகம்.

தலைப்பாகை அவர் தலைக்குப் பெரிது. மெதுவாக இறங்கியது. நெற்றி மறைந்தது. புருவம் மறைந்தது. கடைசியில் மூக்கில் வந்து உட்கார்ந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, மனிதர் அசையவில்லை. கண் தெரியாமல் தட்டு சாய, ஒரு லட்டு உருண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அதற்கும் அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் மூன்றாவது லட்டு விழுவதற்குள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

செண்பகவடிவின் கை முந்திக்குப் போனது. பின் போட்ட முந்தி வரவில்லை. அதற்குமேல் அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கேமராவும் டைரக்டரும் பல்லும் ஈறும் எல்லாம் எங்கேயோ போய்விட, அவள் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஹரிதா அந்தக் காட்சியில் முறைக்க வேண்டும். முறைக்கப் பார்த்தாள், முடியாமல் திரும்பிக்கொண்டாள், முதுகு குலுங்கியது. டைரக்டர் கட் சொல்ல வாய் வராமல் கையை மட்டும் ஆட்டினார்.

"கட்டா?" என்று தலைப்பாகைக்குள்ளிருந்து பூலோகம் கேட்டார். அதற்கு இன்னொரு சுற்று சிரித்தார்கள்.

மறுபடி மானிட்டர். செண்பகவடிவு வேண்டாம் என்றாள், ஹரிதா விடவில்லை. திரையில் அதே பெண்பிள்ளை. அதே பல், அதே தாடை. ஆனால் அவள் அப்படி விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்தபோது, பல்லை எண்ணிக்கொண்டிருக்கத் தோன்றவில்லை. கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் தோன்றியது. "யாருட்டி இவ, இந்தச் சிரிப்பு சிரிக்கா!" என்று சொல்லிச் செண்பகவடிவு திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது டெம்போ சயன் சிக்னலுக்கு வந்தது. அங்கே சிவப்பு விழுந்ததும் பூலோகம், "என்னய வச்சுத்தான சிரிச்ச?" என்றார்.

"ஆமா."

"சரி. துட்டுல எனக்குப் பாதி."

அவர் வேடிக்கையாகப் பேசி அவள் கேட்டது அன்றுதான். சிக்னல் பச்சையான பிறகும் பின்னால் ஹாரன் அடிக்கிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த எபிசோட் வந்தபோது பட்டறைப் பெண்கள் முதல் பால்காரர் வரை வீட்டுக்குள் இடமில்லாமல் வாசலில் நின்று பார்த்தார்கள். மானசா அந்தத் துண்டை வெட்டித் தன் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டாள். கல்லூரித் தோழிகள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, ஒரு தடவை, ப்ளீஸ்" என்று கேட்டார்கள். "சும்மா கேட்டா வராதும்மா, ஏதாச்சும் கோட்டித்தனம் பண்ணுங்க" என்றாள் செண்பகவடிவு. அவர்கள் ஆளுக்கொரு கிறுக்குத்தனம் பண்ணினார்கள். வந்தது.

இப்போது பேசுகிற வேஷம் ஒன்று கிடைத்திருக்கிறது. சந்தையில் சண்டை போடுகிற மீன்காரி. நாலு வரி ஹிந்தி வசனம். செண்பகவடிவுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. மானசாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வராது. அதனால் மகள் வசனத்தைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்ப, அம்மா காதில் மாட்டிக்கொண்டு நைன்டி ஃபீட் ரோட்டில் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறாள். நேற்று, "இது என் இடம், எவன் வந்தாலும் நகரமாட்டேன்!" என்ற வரியைச் சத்தமாகச் சொன்னபோது, பின்னால் வந்த கைவண்டிக்காரர் பதறிப்போய் வண்டியை ஓரம்கட்டி, "நீங்க போங்க தாயீ, நான் அப்புறம் போறேன்" என்றார்.